ஒரு கால் செருப்பும், 1985-ல் நின்றுபோன ஜப்பானும்

ஒரு அப்பா கேட்டிருக்கிறார்: “மகளுக்கு நாகோயா பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஏப்ரலில் சேர வேண்டும். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அங்கே எல்லாமே ரோபோ, நம்ம பிள்ளை திருவிழாவில் தொலைந்த மாதிரி முழிக்கும் என்கிறார் ஒருவர். வேலை வாங்கியே கொன்றுவிடுவார்கள் என்கிறார் இன்னொருவர். ரயில் ஒரு நொடி தப்பாது, ஸ்டிரைக் என்றால்கூட ஒரு கால் செருப்பை மட்டும் செய்து காட்டுவார்கள் என்றெல்லாம் கேள்விப்படுகிறோம். இதில் எது நிஜம்?”

ஐயா, முதலில் பாப்பாவுக்கு வாழ்த்து. நான் 2011 அக்டோபரில் இங்கே வந்தேன். முதல் ஒன்பது வருஷம் டோக்கியோவில் நிஷி-கசாய், அதன் பிறகு நாகோயா பக்கம். சாஃப்ட்வேர் வேலை. உங்கள் சொந்தக்காரர்கள் சொன்னதில் சுத்தப் பொய் என்று தள்ள வேண்டியது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் ஒரு காலத்தில் ஓரளவு உண்மையாக இருந்து, காலாவதியாகியும் அலமாரியிலேயே கிடக்கிற மாத்திரை.

செருப்பிலிருந்தே தொடங்குகிறேன். ஒன்பதாம் வகுப்பில், பள்ளி ஆண்டு விழாவில்தான் அந்தக் கதையை முதலில் கேட்டேன். சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, “ஜப்பானில் ஒரு செருப்புக் கம்பெனி...” என்று ஆரம்பித்தார். தொழிலாளிகளுக்கு முதலாளி மேல் கோபம். ஆனால் வேலையை நிறுத்தவில்லை, இடது கால் செருப்பை மட்டும் மலைமலையாகச் செய்து குவித்தார்கள். கோரிக்கை நிறைவேறியதும் ராத்திரி பகலாக உட்கார்ந்து வலது காலையும் செய்து கணக்கை நேர் செய்துவிட்டார்கள். அரங்கமே கைதட்டியது. அதற்குப் பிறகு கல்லூரியில் கேட்டேன், கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் கேட்டேன், ஒரு வளைகாப்பில்கூட யாரோ சொன்னார்கள். எல்லோரும் சொன்ன கதையிலும் கம்பெனிக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, வருஷம் இல்லை.

இங்கே வந்த புதிதில் என் மேனேஜரிடம் இதைச் சொன்னேன். அப்போது அவருக்கு 52 வயது. பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். இப்படி ஒன்றை அவர் வாழ்நாளில் கேட்டதே இல்லையாம். “அந்த இடது செருப்புக்கெல்லாம் தோல் யார் கொடுத்தது?” என்று கேட்டார். பிறகு, அவர் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது எட்டு நாள் ரயிலே ஓடவில்லை, பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் கிடந்தது எவ்வளவு ஜாலி என்று ஒரு கதை சொன்னார்.

அந்த எட்டு நாள் கதைக்குத் தேதி உண்டு: 1975 நவம்பர் 26 முதல் டிசம்பர் 3 வரை. அரசு ரயில்வே ஊழியர்களுக்கு ஸ்டிரைக் செய்யும் உரிமை சட்டப்படி கிடையாது. அந்த உரிமையைக் கேட்டே ஸ்டிரைக் செய்தார்கள். நாடு முழுக்க அரசு ரயில்கள் நின்றன. உரிமை கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். அதற்கு முந்தைய வருஷம், 1974-ல், அரை நாளோ அதற்கு மேலோ வேலை நின்ற ஸ்டிரைக்குகள் மட்டும் 5,000-க்கு மேல். நம் மேடைகளில் ‘வேலையை நிறுத்தத் தெரியாத தேசம்’ என்று கைதட்டல் வாங்குகிற அதே தேசம்தான்.

கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு வேலை செய்வார்கள் என்று இன்னொரு வடிவம் உண்டு. அதற்கு மட்டும் ஒரு வேர் இருக்கிறது. சட்டையில் ரிப்பன் குத்திக்கொண்டு வேலை பார்க்கும் போராட்டம் இங்கே நிஜமாகவே இருந்தது. ஒரு ஹோட்டல் ஊழியர்கள் அப்படிச் செய்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலை நேரத்தில் ரிப்பன் குத்துவது முறையான சங்க நடவடிக்கை இல்லை என்று 1982-ல் தீர்ப்பானது. அந்தச் சாதுவான போராட்டத்தைக்கூட அனுமதிக்கவில்லை என்பதை எந்தப் பேச்சாளரும் சொல்லிக் கேட்டதில்லை.

இன்றைக்கு ஸ்டிரைக் அபூர்வம் என்பது உண்மை. சங்கங்கள் கம்பெனிக்கு ஒன்றாக உள்ளுக்குள்ளேயே இருப்பவை. சம்பளப் பேச்சு ஒவ்வொரு வசந்தத்திலும் ‘ஷுந்தோ’ என்ற பெயரில் கணக்கு வாத்தியார் வகுப்பு மாதிரி நடந்து முடிந்துவிடும். அதனால்தான் 2023 ஆகஸ்ட் 31 அன்று இகெபுகுரோவின் பெரிய செய்பு டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒரு நாள் முழுக்க ஷட்டரை இறக்கியபோது டிவியெல்லாம் அதுவாகவே இருந்தது. டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றில் 61 வருஷத்துக்குப் பிறகு நடந்த முதல் ஸ்டிரைக். வாசலில் ஊழியர்கள் துண்டறிக்கை கொடுத்தார்கள். ஒரு கால் செருப்பு கொடுக்கவில்லை.

அப்புறம் ஏன் இந்தக் கதை நம் ஊரில் சாகாமல் இருக்கிறது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நம் மனசில் ஜப்பான் என்று ஒன்று பதிந்தது 1980-களில், சாமான்கள் வழியாக. சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா கொண்டுவந்த நேஷனல் பானாசோனிக் டேப் ரெக்கார்டர், வாடகைக்கு எடுத்த அகாய் வீடியோ டெக். 1983 கடைசியில் சுஸுகி கூட்டில் மாருதி, 1984-ல் ஓசூரிலிருந்து இந்த்-சுஸுகி, 1985-ல் யமஹா ஆர்எக்ஸ் 100. ‘ஒரிஜினல் ஜப்பான் இன்ஜின்’ என்று சொல்லி பழைய ஆர்எக்ஸ் 100-க்குப் புது வண்டி விலை கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாமான் நன்றாக இருந்தது, ஆகவே செய்தவனும் அப்பழுக்கில்லாதவன் என்று முடிவு கட்டிவிட்டோம். இழிவாகச் சொல்லும் பிம்பம் என்றால் யாராவது ஒருத்தர் எழுந்து மறுப்பார். புகழ்ச்சியை யார் மறுக்கப்போகிறார்கள்? அதோடு, “நம்மாளும் இருக்கானே...” என்று நம் தொழிலாளியை, மாணவனை, ஏன் பெற்ற பிள்ளையைத் திட்ட இப்படி ஒரு பிரம்பு தேவைப்படுகிறது. அந்தப் பிரம்புக்கு வைத்த பெயர்தான் ஜப்பான்.

இனி ரோபோ. பாப்பா வந்து இறங்கியதும் பார்க்கப்போவது ரோபோ இல்லை, காகிதம். முதல் வாரம் குயாகுஷோவில், அதாவது வார்டு ஆபீஸில், முகவரி பதிய வேண்டும். அப்புறம் பேங்க். நான் வந்தபோது பேங்கில் ஹாங்கோ கேட்டார்கள். ஹாங்கோ என்றால் பெயர் செதுக்கிய, சுண்டுவிரல் தடிமனுள்ள முத்திரைக் கட்டை. கையெழுத்துக்குப் பதிலாகச் சிவப்பு மையில் தொட்டு வைப்பது. என் பெயரோ நீளம். செதுக்குகிற கடைக்காரர் கதகனாவில், அதாவது வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தில், எழுதிப் பார்த்து, எண்ணிப் பார்த்து, தலையைச் சொறிந்து, கடைசியில் முதல் மூன்று எழுத்தை மட்டும் செதுக்கித் தந்தார். ‘ஸுபுரா’. அன்றிலிருந்து பேங்க் வரைக்கும் நான் ஸுபுராதான். முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. முத்திரையின் கீழ் ஓரத்தில் மை லேசாகப் பரவியிருந்ததாம். இரண்டாவதை வைக்கும்போது கவுன்டர் பெண்மணி என் கையைப் பார்த்துக்கொண்டே, “மெதுவாக, வட்டமாக அழுத்துங்கள்” என்று குழந்தைக்கு அனா ஆவன்னா சொல்லித்தருவது போலச் சொன்னார்.

அது என் சொந்தக் கதை. ஊரறிந்த கதை ஒன்று உண்டு. 2022 ஏப்ரலில் யாமகுச்சி மாவட்டத்தில் அபு என்ற சின்ன ஊரில், கொரோனா நிவாரணமாக 463 குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு ஒரு லட்சம் யென் கொடுக்க வேண்டும். மொத்தம் 4 கோடியே 63 லட்சம் யென். அத்தனையும் ஒரே ஒருவர் கணக்கில் விழுந்துவிட்டது. அவர் அதை ஆன்லைன் சூதாட்டத்தில் விட்டுவிட்டதாகச் சொல்ல, நாடே சில வாரங்களுக்கு இதையே பேசியது. அந்தக் களேபரத்தில்தான் இன்னொன்று வெளியே வந்தது: ஊராட்சி ஆபீஸ் பணப்பட்டியலை பேங்குக்குக் கொடுத்தது ஃப்ளாப்பி டிஸ்கில். 2022-ல்!

அவர்களுக்குப் புதுசு தெரியாமல் இல்லை. சட்டத்திலும் விதியிலும் ‘இன்ன இன்ன ஊடகத்தில் சமர்ப்பிக்க வேண்டும்’ என்று ஃப்ளாப்பியின் பெயரையே எழுதி வைத்திருந்தார்கள். விதியில் இருக்கும் வரை ஆபீஸர் அதைத்தான் வாங்குவார், அவர்மேல் தப்பில்லை. அப்படி ஃப்ளாப்பி, சிடி என்று பெயர் சொல்லிக் கேட்ட நடைமுறைகள் சுமார் 1,900. அன்றைய டிஜிட்டல் துறை அமைச்சர் டாரோ கோனோ 2022 ஆகஸ்டில் ஃப்ளாப்பி மேல் போர் என்று அறிவித்தார். முடிந்தது 2024 கோடையில். இதே மனிதர்தான் 2020-ல் ஹாங்கோவைப் பிடித்தார். அரசு அலுவலகங்களில் முத்திரை கேட்ட சுமார் 15,000 நடைமுறைகளில் 99 சதவீதத்துக்கு மேல் இனி வேண்டாம் என்றாயிற்று. அடுத்து 2021-ல் ஃபேக்ஸ் மேல் கை வைத்தார். அமைச்சகங்களிலிருந்தே நூற்றுக்கணக்கில் ஆட்சேபம் வர, அந்த வேகம் அங்கே அடங்கிவிட்டது.

இதைப் படித்துவிட்டு “ஓ, அப்போ ஜப்பான் பின்தங்கிய ஊர்” என்று திருப்பிப் போட்டுவிடாதீர்கள். அது இப்போது இணையத்தில் புதிதாக ஓடுகிற பிம்பம். அதுவும் பழசாகிக்கொண்டே இருக்கிறது. ‘ஜப்பானில் கார்டு எடுபடாது, கைநிறைய ரொக்கம் வேண்டும்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ல் மொத்தச் செலவில் ரொக்கமில்லாமல் கொடுத்தது 13 சதவீதம்தான். நான் வந்தபோது பல கடைகளில் கார்டை நீட்டினால் ஏதோ அசிங்கத்தை நீட்டினது மாதிரி பார்த்தார்கள். 2024-ல் அது 42.8 சதவீதம். நடுவே நடந்தது 2018 அக்டோபரில் வந்த பேபே என்ற செல்போன் பணப் பரிமாற்றச் செயலி. அந்த டிசம்பரில் வாங்கின பணத்தில் 20 சதவீதம் திருப்பித் தருகிறோம் என்று 1,000 கோடி யென் ஒதுக்கினார்கள். பத்தே நாளில் காலி. பேபேயின் அடித்தளத் தொழில்நுட்பம் நம் ஊர் பேடிஎம்மிடமிருந்து வந்தது. ‘ஜப்பான் டெக்னாலஜி’ என்று மூச்சுவிடுகிற மாமாவிடம் இதை ஒருமுறை சொன்னேன், நம்பவே இல்லை.

ஆனால் எங்கள் தெருமுனை ராமென் கடை, அதாவது நூடுல்ஸ் சூப் கடை, இன்னும் வேறு உலகம். வாசலில் ஒரு டிக்கெட் மெஷின், காசு போட்டு, பொத்தானை அழுத்தி, சீட்டை உள்ளே நீட்ட வேண்டும். 2024 ஜூலையில் புது நோட்டுகள் வந்தன. மெஷினுக்குப் புது நோட்டு தெரியவில்லை, அதை மாற்றக் கடைக்காரரிடம் பணமில்லை. மெஷின் மேல் ‘புது நோட்டு செல்லாது, உள்ளே வந்தால் பழைய நோட்டு தருகிறேன்’ என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார். பல மாதம் அப்படியே ஓடியது. அங்கிருந்து நூறடியில் உள்ள குடும்ப உணவகத்தில் பூனை முகம் வைத்த ரோபோ தட்டைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடி வருகிறது. பார்த்துவிட்டு “இதுதான் ஜப்பான்!” என்று படம் எடுக்காத சுற்றுலாப் பயணி கிடையாது. அந்தப் பூனை சீனாவின் ஷென்ஜென் நகரத்துக் கம்பெனி தயாரிப்பு.

அடுத்து, உங்களுக்கு நிஜமாகவே பயம் தருவது: வேலை வாங்கியே கொன்றுவிடுவார்கள் என்பது. இதைச் சிரித்துத் தள்ள மாட்டேன். வேலைப்பளுவால் சாவதற்கு ‘கரோஷி’ என்று தனிச் சொல்லே வைத்திருக்கும் நாடு இது. ஆனால் கணக்கு மாறியிருக்கிறது. 1980-களின் கடைசியில் ஒரு தொழிலாளி ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தார். இப்போது சுமார் 1,600, அமெரிக்காவைவிடக் குறைவு. இந்தச் சராசரியை அப்படியே விழுங்கவும் வேண்டாம். பகுதிநேர வேலைக்காரர்கள் பெருகியதும் அதற்கு ஒரு காரணம். முழுநேர ஊழியர்களை மட்டும் பிரித்தால் இன்னும் 1,900-க்கு மேல்தான். ஆனாலும் சட்டம் மாறியது நிஜம். பெரிய கம்பெனிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து, சிறியவற்றுக்கு 2020 ஏப்ரலிலிருந்து, ஓவர்டைம் மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணிதான். நெருக்கடி என்று தனி ஒப்பந்தம் போட்டாலும் ஆண்டுக்கு 720, எந்த மாதமும் 100-ஐத் தொடக்கூடாது. மீறினால் முதலாளிக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம். வருஷத்தில் ஐந்து நாள் லீவையாவது ஊழியரை எடுக்க வைப்பதும் கம்பெனியின் கடமை. லாரி டிரைவர், டாக்டர், கட்டடத் தொழிலாளி இவர்களுக்கு மட்டும் வரம்பு 2024 ஏப்ரலில்தான் வந்தது.

என் முதல் கம்பெனியில் 2012-ல் இரவு ஒன்பதரைக்குக் கிளம்பும்போது “ஒஸாகி நி”, அதாவது “உங்களுக்கு முன்னால் போகிறேன், மன்னிக்கணும்” என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். என்னைத் தவிர எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேர் வேலை செய்யவில்லை, மேனேஜர் எழுந்திருக்கக் காத்திருந்தார்கள். அதில் பல மணி நேரம் கணக்கிலேயே வராது. அதற்கு ‘ஸாபிஸு ஸான்க்யோ’ என்று பெயர், சேவை ஓவர்டைம். யாருக்குச் சேவை என்று கேட்கக்கூடாது. இப்போதைய ஆபீஸில் எட்டு மணிக்கு விளக்கு தானாக அணைந்துவிடும், இருக்க வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஆகவே பாப்பா சேருவதற்கு முன்னாலேயே கம்பெனியில் ஒரு கேள்வி கேட்டு வைக்கட்டும்: அந்த டிபார்ட்மென்டில் போன வருஷம் சராசரி ஓவர்டைம் மாதம் எத்தனை மணி? 20 என்றால் சரி. 45-ஐ ஒட்டி ஒரு எண் சொன்னால் யோசிக்க வேண்டும்.

நாகோயா பக்கம் என்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன், இது யாரும் சொல்லித் தருவதில்லை. இங்கே ‘தொயோட்டா காலண்டர்’ என்று ஒன்று உண்டு. அரசு விடுமுறை நாட்களில் பெரும்பாலும் தொழிற்சாலை ஓடும். அதற்குப் பதிலாக மே மாதத் தொடக்கம், ஆகஸ்டில் முன்னோரை நினைக்கும் ஓபோன், புத்தாண்டு என மூன்று தடவை ஒன்பது நாள் அளவுக்கு நீண்ட லீவு. உதிரிபாகக் கம்பெனிகளும் அதையே பின்பற்றும். ஊருக்கு வர டிக்கெட் போடுவதென்றால் அந்தக் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு போடுங்கள். தீபாவளிக்கு லீவு கிடைப்பது கஷ்டம்.

‘தப்பே செய்ய மாட்டார்கள்’ என்ற நம்பிக்கைக்கும் அதே ஊரில் பதில் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 29 அன்று தொயோட்டாவின் 14 உள்நாட்டுத் தொழிற்சாலைகளும் நின்றுபோயின. காரணம், உதிரிபாக ஆர்டரைக் கவனிக்கும் சர்வரில் டிஸ்கில் இடம் தீர்ந்துவிட்டது. அந்த டிசம்பரிலேயே தொயோட்டா குழுமத்தின் டைஹாட்ஸுவில் பாதுகாப்புச் சோதனைகளில் 174 முறைகேடுகளை விசாரணைக் குழு கண்டுபிடித்தது. மிகப் பழையது 1989-ல் நடந்தது. நம் வீட்டில் ஜப்பான் டேப் ரெக்கார்டரைக் கும்பிட்டுக்கொண்டிருந்த காலம். தொழிலாளர் உற்பத்தித் திறனிலும், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மதிப்பு உண்டாக்குகிறார்கள் என்று பார்த்தால், ஜி-7 நாடுகளில் ஜப்பான் கடைசி. 1970-லிருந்தே அந்த இடம்தான்.

ரயிலைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. புல்லட் ரயில் நீங்கள் கேள்விப்பட்டபடியேதான். 2017 நவம்பரில் ட்ஸுகுபா எக்ஸ்பிரஸ் 20 நொடி முன்னதாகக் கிளம்பிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டதும் நிஜம். டோக்கியோவின் சாதாரண ஆபீஸ் நேர ரயில் அப்படியில்லை, தாமதமாகும். ஆனால் தாமதத்துக்குச் சான்றிதழ் தருவார்கள். ‘சியென் ஷோமெய்ஷோ’ என்ற அந்தச் சின்னச் சீட்டை ஆபீஸில் நீட்டினால் கேள்வி இல்லை. டோக்கியோவில் நான் அதை வாங்காத மாதம் ஞாபகத்தில் இல்லை. வெள்ளைக் கையுறை போட்டு ஆளை உள்ளே திணிக்கும் படமும் பழசு. டோக்கியோ ரயில்களின் உச்ச நேர நெரிசல், ரயிலின் கொள்ளளவை 100 என்று வைத்தால், 1975-ல் சராசரி 221 சதவீதம், 2023-ல் 136.

‘ஒரே ஒரு மாணவிக்காக ரயில்வே ஸ்டேஷனை மூடாமல் வைத்திருந்தார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்குமே, அதைச் சொல்லாமல் விட்டால் கை அரிக்கும். ஹொக்கைடோவில் க்யூ-ஷிராதாகி என்ற ஸ்டேஷன். அங்கிருந்து ஒரு பெண் தினமும் பள்ளிக்குப் போனது உண்மை. 2016 மார்ச் 26-ல் ஸ்டேஷன் மூடப்பட்டதும் உண்மை, அவள் படிப்பு முடித்ததும் அந்த மார்ச்சில்தான். நடுவிலுள்ள ‘அவளுக்காகத்தான்’ என்பது மட்டும் ஒட்டுப் போட்டது. இங்கே ரயில் அட்டவணை மாறுவது ஒவ்வொரு மார்ச்சிலும், பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச்சில்தான். ஆள் வராத ஸ்டேஷன்களை வழக்கம்போல அந்த அட்டவணை மாற்றத்தோடு மூடினார்கள். அதே நாளில் பக்கத்திலேயே கமி-ஷிராதாகி, ஷிமோ-ஷிராதாகி என்ற இரண்டையும் மூடினார்கள். முதலில் பரவிய பதிவில் ஸ்டேஷன் பெயரே தப்பு. நிஜக் கதை இதைவிடச் சோகமானது: ஊரில் குழந்தையே இல்லை. 2024-ல் ஜப்பான் முழுக்கப் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 6 லட்சத்து 86 ஆயிரம்தான். வீடுகளில் சுமார் 90 லட்சம் காலி.

அதனால்தான் ‘வெளியாளையே பார்த்திராத நாடு’ என்பதும் இப்போது பொருந்தாது. 2000-ல் சுமார் 17 லட்சமாக இருந்த வெளிநாட்டவர், 2024 முடிவில் 37 லட்சத்து 68 ஆயிரம். நீங்கள் ராத்திரி இரண்டு மணிக்குக் கொம்பினிக்குப் போனால், அதாவது 24 மணி நேரக் கடைக்கு, கல்லாவில் நிற்பது நேபாளப் பையன் அல்லது வியட்நாம் பெண். நாகோயா இருக்கும் ஐச்சி மாவட்டத்தில் இது இன்னும் பழைய கதை. 1990-ல் சட்டத்தைத் திருத்தி, ஜப்பானிய வம்சாவளி பிரேசில்காரர்களை கார் தொழிற்சாலைகளுக்கு அழைத்தார்கள். தொயோட்டா நகரத்து ஹோமி குடியிருப்பில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர். அறிவிப்புப் பலகைகளில் போர்ச்சுகீஸும் இருக்கும். அதற்காக எல்லாம் சுமுகம் என்று சொல்லவில்லை. வெளிநாட்டவர் என்றதும் வீடு தர மறுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள், எனக்கே இரண்டு தடவை நடந்தது. 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் ‘ஜப்பானியருக்கே முதலிடம்’ என்று பேசிய கட்சி 14 இடங்கள் ஜெயித்தது. முதல் வீட்டைக் கம்பெனி வழியாகவே எடுத்துக்கொள்வது பாப்பாவுக்கு நல்லது.

காசு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். ‘ஜப்பான் சம்பளம்’ என்று உறவுக்காரர்கள் வாயைப் பிளப்பதும் பழைய கணக்குதான். நான் வந்து இறங்கிய மாதம் ஒரு டாலருக்கு 75 யென் வரை போனது. 2024 ஜூலையில் 161. நம் ரூபாயில் சொன்னால், 2012-ல் 100 யென் அனுப்பினால் ஊரில் 65 ரூபாய்க்கு மேல் கிடைத்தது. 2024 ஜூலையில் 52. என் சம்பளம் ஏறியது, ஊருக்குப் போன பணம் ஏறவில்லை. கல்விக் கடன், வீட்டுக் கடன் என்று ஏதாவது கணக்குப் போட்டிருந்தால் இன்றைய விலையில் போட்டுப் பாருங்கள். இங்கே விலைவாசியும் முன்பு போல் அசையாமல் கிடக்கவில்லை. 2025 மே மாதம் 5 கிலோ அரிசி 4,200 யென்னைத் தாண்டியது, ஒரு வருஷத்தில் இரு மடங்கு. அந்த நேரத்தில் விவசாய அமைச்சர், “நான் அரிசி வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் தருகிறார்கள்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, சில நாளில் பதவியை விட்டுப் போனார். அரிசி விஷயத்தில் நம்மைப் போலத்தான் கோபப்படுகிறார்கள்.

இன்னொன்றும் பாப்பாவிடம் சொல்லி வையுங்கள். இங்கே இருப்பவர்களும் நம்மைப் பற்றி ஒரு பழைய பிம்பம் வைத்திருக்கிறார்கள். இந்தியர் என்றால் 19 வரைக்கும் வாய்ப்பாடு மனப்பாடம் என்று ஒரு உறுதியான நம்பிக்கை. 2007 வாக்கில் ‘இந்தியக் கணக்கு முறை’ என்ற புத்தகங்கள் இங்கே சக்கைப்போடு போட்டதன் மிச்சம். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர் என்றால் 1998-ல் ஷிபுயாவில் ஓடிய ‘முத்து’ படத்தைச் சொல்லி, உங்கள் ஊரில் எல்லோரும் ஆடுவார்களா என்பார். சாப்பாடு என்றால் நான் ரொட்டியும் பட்டர் சிக்கனும்தான். இங்கே ‘இந்திய உணவகம்’ என்ற பலகைக்குப் பின்னால் பெரும்பாலும் நேபாளத்துக்காரர்கள் இருக்கிறார்கள். தட்டைவிடப் பெரிய நான் ரொட்டியைத் தொங்கத் தொங்கப் போட்டுத் தருவார்கள். என் மகன் படிக்கும் பள்ளியில் கணக்கு டீச்சர் அவனை எழுப்பி 17-ஐ 18-ஆல் பெருக்கச் சொன்னாராம். பையன் அம்மாவைத் தேடுகிற மாதிரி கால்குலேட்டரைத் தேடியிருக்கிறான்.

போன ஆண்டு ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். காலையிலிருந்தே மாவு, சாம்பார், தேங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி என்று அடுப்படியிலேயே நின்றார். தோசை ஒவ்வொன்றாக வந்தது. எல்லோரும் “ஓயிஷீ, ஓயிஷீ”, அதாவது ருசி, ருசி என்று ஆளுக்கு ஐந்து ஆறு சாப்பிட்டார்கள். நெய் ரோஸ்டைப் பார்த்து ஒருவர் எழுந்து நின்றே படம் எடுத்தார். எல்லாம் முடிந்து நான் டிகிரி காபி போடப் போனபோது, அவர்களில் மூத்தவர் என் அருகில் வந்து, மிக மரியாதையாக, அம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்: “சுப்ரா-சான், நான் ரொட்டி எப்போது வரும்? வயிற்றில் அதற்கு இடம் விட்டிருக்கிறேன்.”